வேடந்தாங்கல் கரையில் மூன்று பைனாகுலர்கள்: கேமரா வைத்ததை வாங்கலாமா?

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டிப் போனால் படாளம் கூட்ரோடு வரும். அங்கே வலப்பக்கம் திரும்பி, வயல்களுக்கு நடுவே சுமார் 12 கிலோமீட்டர் போனால் வேடந்தாங்கல். ஏரி கண்ணில் படும் முன்பே அதன் சத்தம் காதுக்கு வந்துவிடும். கூடவே மீனும் பறவை எச்சமும் கலந்த அந்த வாடையும். முதல் முறை வரும் குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். கரைமேல் ஏறிப் பத்து நிமிடம் ஆனால் வாடையை மறந்துவிடுவார்கள்.

தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கிளைக்குக் கிளை பறவைகள். நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம் என்று அறிவிப்புப் பலகைகளில் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் வெறும் கண்ணால் பார்த்தால், கரையை ஒட்டிய மரங்களைத் தவிர மற்றதெல்லாம் வெள்ளைப் புள்ளிகளும் கறுப்புப் புள்ளிகளும்தான். அந்தப் புள்ளிகள் பறவைகளாக மாற, கையில் ஒரு பைனாகுலர் வேண்டும்.

அங்கேதான் இப்போது ஒரு கேள்வி முளைத்திருக்கிறது. ஆன்லைன் கடைகளில் பைனாகுலர் என்று தேடினால், 'பார்க்கவும் செய்யலாம், படமும் எடுக்கலாம்' என்று கேமரா வைத்த பைனாகுலர்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு, அப்பாவின் பணி ஓய்வுக்கு, குடும்பச் சுற்றுலாவுக்கு என்று வாங்கிவிடவும் ஆசையாக இருக்கிறது. ஒரே பொருளில் இரண்டு வேலை நடந்தால் வேண்டாம் என்பார்களா?

விளம்பரத்தை வைத்து முடிவு செய்யாமல், நேரில் பார்த்துவிடலாம் என்று மார்கழிக் குளிர் விடாத ஒரு சனிக்கிழமை வேடந்தாங்கலுக்குக் கிளம்பினோம். பையில் மூன்று கருவிகள். பெயர் தெரியாத தயாரிப்பாளரின் கேமரா வைத்த 12×32 பைனாகுலர் ஒன்று. சட்டைப் பையில் அடங்கும் 10×25 ஒன்று. பறவை பார்க்கும் நண்பரிடம் இரவல் வாங்கிய, கேமரா எதுவும் இல்லாத 8×42 ஒன்று. கூடவே எல்லோர் கையிலும் இருப்பது போன்ற ஒரு ஸ்மார்ட்போன்.

வேடர் ஊரில் பறவைக்குக் காவல்

கருவிகளுக்குப் போகும் முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம். வேடந்தாங்கல் என்ற பெயருக்கு 'வேடர்களின் தாங்கல்' என்று பொருள் சொல்வார்கள். தாங்கல் என்றால் சிறிய ஏரி. ஒரு காலத்தில் வேட்டையாடிய இடத்தில்தான், பின்னாளில் பறவைகளுக்கு ஊரே காவல் நின்றது.

18-ம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படை வீரர்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர் மக்கள் அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798-ல், ஏரியையும் பறவைகளையும் காக்கும் உரிமையை ஒப்புக்கொண்டு அவர் எழுதிக் கொடுத்த உத்தரவை 'கவுல்' என்கிறார்கள். அந்த உரிமை 1858-ல் புதுப்பிக்கப்பட்டது.

இதில் பக்தியோ பரிதாபமோ மட்டும் இல்லை. பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் அதுவே உரம். பறவை இருந்தால் விளைச்சல் இருக்கும் என்பது விவசாயியின் கணக்கு. சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரி, 2022-ல் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. பக்கத்தில் இருக்கும் கரிக்கிலி சரணாலயமும் அதே ஆண்டில் சேர்ந்தது.

ஆக, இந்தக் கரையில் நின்று பறவையைப் பார்ப்பது நமக்கு யாரோ காப்பாற்றிக் கொடுத்த வாய்ப்பு. அதை எந்தக் கருவியால் பார்க்கிறோம் என்பதில் கொஞ்சம் அக்கறை காட்டலாம்.

கேமரா எங்கே இருக்கிறது?

கேமரா வைத்த பைனாகுலர் என்றதும் நாம் நினைப்பது என்ன? நம் கண் எந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறதோ, அதே கண்ணாடி வழியாகப் படமும் பதிவாகும் என்றுதான். பெரும்பாலான கருவிகளில் அப்படி இல்லை.

முதல் வகையை 'மூன்றாவது கண்' வகை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு குழாய்கள் சாதாரண பைனாகுலர். அவற்றுக்கு நடுவே சின்னதாக இன்னொரு லென்ஸ் இருக்கும். அதுதான் கேமரா. அதற்குத் தனி லென்ஸ், தனி சென்சார். நீங்கள் சக்கரத்தைத் திருப்பிப் பறவையைத் தெளிவாக்கினாலும், மலிவான கருவிகளில் அந்த நடு லென்ஸ் அசைந்து கொடுக்காது. உங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று, கார்டில் பதிவாவது வேறொன்று.

இரண்டாவது, 'திரை' வகை. இதில் கண்ணாடி வழியாக நேரடியாகப் பார்ப்பதே கிடையாது. லென்ஸில் விழும் காட்சியை சென்சார் பிடித்து, உள்ளே இருக்கும் சின்னத் திரையில் காட்டும். வீடியோ கேமராவைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்ப்பது போலத்தான். 2011-ல் சோனி நிறுவனம் ஹெச்.டி. வீடியோ எடுக்கும் டிஇவி-3, டிஇவி-5 என்ற டிஜிட்டல் பைனாகுலர்களைக் கொண்டுவந்தது. 2013-ல் டிஇவி-50 வந்தது. கேனான் 2020-ல் கொண்டுவந்த 'பவர்ஷாட் ஸூம்' இதே வழியில் வந்த ஒற்றைக் கண் கருவி. எடை வெறும் 145 கிராம். இந்த வகையில் பார்ப்பதும் பதிவாவதும் ஒன்றேதான். ஆனால் பேட்டரி தீர்ந்தால் பார்வையும் தீர்ந்தது. இன்று ஆன்லைனில் 'நைட் விஷன்' என்று விற்கும் மலிவுக் கருவிகளில் பலவும் இந்தத் திரை வகைதான். இருட்டில் அகச்சிவப்பு விளக்கைப் போட்டுப் பார்ப்பதற்காகச் செய்தவை அவை. மாலையோடு மூடிவிடும் சரணாலயத்தில் அந்த வசதிக்கு வேலை இல்லை.

இந்த வரிசையின் உச்சியில் இருப்பது ஸ்வரோவ்ஸ்கி ஆப்டிக் நிறுவனம் 2024 ஜனவரியில் அறிமுகப்படுத்திய 'ஏஎக்ஸ் விசியோ'. 10×32 பைனாகுலர். 13 மெகாபிக்சல் கேமரா. பறவையைக் குறிபார்த்துப் பொத்தானை அழுத்தினால் அதன் பெயரையே காட்டும். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை இனங்களை அடையாளம் காணும் என்கிறது நிறுவனம். அமெரிக்காவில் அறிமுக விலை 4,799 டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் ரூபாய். அதிலும் படம் எடுப்பது நடுவில் இருக்கும் தனிக் கேமராதான். அந்த விலைக்கு அதைப் பார்க்கும் கண்ணாடியோடு துல்லியமாக ஒத்துப்போக வைத்திருக்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய்க் கருவியில் அந்த ஒத்திசைவை எதிர்பார்க்க முடியாது.

மூக்கில் புள்ளி தெரிகிறதா?

வேடந்தாங்கலிலேயே இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. இங்கே வரும் கூழைக்கடாவுக்குப் 'புள்ளி அலகு கூழைக்கடா' என்று பெயர். அதன் மேல் அலகின் ஓரத்தில் வரிசையாகக் கரும்புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளிகள் தெரிந்தால் கருவி நல்ல கருவி.

காலை ஏழரை மணி. ஏரிக்குள் இருந்த ஒரு மரத்தில் நான்கு கூழைக்கடாக்கள். முதலில் கேமரா வைத்த 12×32. பறவை பெரிதாகத்தான் தெரிந்தது. ஆனால் ஆடிக்கொண்டே இருந்தது. 12 மடங்கு பெரிதாக்கினால் கையின் நடுக்கமும் 12 மடங்கு பெரிதாகும். மூச்சைப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், அழுத்திய பிறகு ஒரு கணம் கழித்துத்தான் படம் விழுந்தது. திரையில் பார்த்தால் மரம் இருந்தது, வெள்ளையாக நான்கு உருவங்கள் இருந்தன, புள்ளி இல்லை. வெயிலில் அந்தத் திரையைப் பார்க்கவே கையால் நிழல் கட்ட வேண்டியிருந்தது. பிறகு கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோதும் அலகு ஒரு மஞ்சள் கோடாகத்தான் இருந்தது.

அட்டையில் போட்டிருந்த மெகாபிக்சல் எண்ணிக்கை என்ன ஆயிற்று? மலிவான கேமராக்களில் பெரிய எண் பல நேரம் மென்பொருள் செய்யும் வேலை. சின்ன சென்சார் பிடித்ததை இழுத்து, இடைவெளிகளை இட்டு நிரப்பி, பெரிய படமாகக் கொடுக்கும். எண் கூடும், விவரம் கூடாது. கூட்டைத் தண்ணீர் ஊற்றிப் பெருக்குவது மாதிரி.

அடுத்து 10×25. எடை குறைவு, படம் பரவாயில்லை, ஆனால் காட்சி வட்டம் சின்னது. பறக்கும் பறவையைப் பின்தொடர்வது சிரமம்.

கடைசியாக 8×42. கூழைக்கடா முன்னதைவிடச் சிறிதாகத் தெரிந்தது. ஆனால் அசையாமல் இருந்தது. மேல் அலகில் புள்ளிகள் வரிசையாக, எண்ணிப் பார்க்கலாம் போல. பக்கத்துக் கிளையில் இலைகளுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்த இராக்கொக்கின் சிவப்புக் கண்ணும் தெரிந்தது. அதுவரை அங்கே ஒரு பறவை இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

"எல்லாம் தெரியுதும்மா"

கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு குடும்பத்தைச் சந்தித்தோம். அப்பா, மகள், மருமகன், இரண்டு பேரப் பிள்ளைகள். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கழுத்தில் நாங்கள் கொண்டுபோனது போன்றே ஒரு கேமரா பைனாகுலர். அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் மூவரும் பணம் போட்டு வாங்கிக் கொடுத்தது.

"நல்லா தெரியுதாப்பா?" என்று மகள் கேட்க, "எல்லாம் தெரியுதும்மா" என்றார். ஆனால் அவர் அதைக் கண்ணில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், மாட்டுவார். கொஞ்ச நேரத்தில் கருவியைப் பேரனிடம் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பேரன் நான்கு படம் எடுத்துவிட்டு, அம்மாவின் போனுக்குப் போய்விட்டான்.

பேச்சுக் கொடுத்தபோதுதான் சொன்னார். "பசங்க ஆசையா வாங்கிக் குடுத்தாங்க தம்பி. தெரியலைன்னு எப்படிச் சொல்றது? கண்ணாடி போட்டா ஓரமெல்லாம் கறுப்பா மறையுது. கழட்டினா மங்கலா இருக்கு. கையும் நிக்க மாட்டேங்குது."

8×42-ஐ அவரிடம் கொடுத்தோம். கண் வைக்கும் ரப்பர் வளையங்களை உள்ளே இறக்கிவிட்டோம். மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் அப்படித்தான் பார்க்க வேண்டும். "சார், கைப்பிடிச் சுவர்ல முழங்கையை ஊனிக்குங்க" என்றோம். இரண்டு குழாய்களையும் அவர் கண் அகலத்துக்கு மடக்கி, நடுச் சக்கரத்தைத் திருப்பச் சொன்னோம். ஒரு நத்தைகுத்தி நாரை நேரெதிரே இருந்தது.

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "இதுக்கு வாய் மூட மாட்டேங்குதே!" என்றார்.

சரியாகத்தான் பார்த்திருந்தார். நத்தைகுத்தியின் மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாது. அந்தச் சந்து வழியாகப் பின்னால் இருக்கும் வானம் தெரியும். நத்தைகளைப் பிடித்து உண்ண அமைந்த அலகு அது. பேரப் பிள்ளைகள் இருவரும் "தாத்தா, எனக்கு, எனக்கு" என்று சுற்றி நின்றார்கள். முக்கால் மணி நேரம் அந்தக் கருவி எங்கள் கைக்குத் திரும்பி வரவில்லை.

பிள்ளைகளின் அன்பில் குறை இல்லை. அவர்கள் பார்த்து வாங்கியது கேமராவை. அப்பாவுக்குத் தேவைப்பட்டது கண்ணாடி போட்டபடி, கை நடுங்காமல் பார்க்க ஒரு கருவி. வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை மெகாபிக்சல்?' என்பது இல்லை. 'யார் பார்க்கப் போகிறார்கள்?' என்பதுதான்.

எண்களை இப்படிப் படியுங்கள்

8×42 என்றால், 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42-க்கு 5.25 மி.மீ. 10×25-க்கு 2.5 மி.மீ. 12×32-க்கு சுமார் 2.7 மி.மீ.

நல்ல வெயிலில் நம் கண்ணின் பாவையே இரண்டு, மூன்று மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அப்போது வித்தியாசம் அதிகம் தெரியாது. வெளிச்சம் மங்கும்போது பாவை விரியும். அப்போது சின்னக் கருவிகள் இருண்டுவிடும். வேடந்தாங்கலில் இது முக்கியம். இரை தேடிப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்புவது மாலையில்தான். அன்று ஐந்தரை மணிக்கு, கேமரா வைத்த கருவியில் பறவைகள் நிழலுருவமாகிவிட்டன. 8×42-ல் மஞ்சள்மூக்கு நாரையின் இளஞ்சிவப்பு இறகுகள் அப்போதும் நிறத்தோடு தெரிந்தன.

எவ்வளவு அகலம் தெரியும் என்பதையும் பாருங்கள். பொதுவாக ஒரு 8 மடங்குக் கருவி 100 மீட்டர் தூரத்தில் 12, 13 மீட்டர் அகலத்தைக் காட்டும். 12 மடங்குக் கருவியில் அது எட்டு, ஒன்பது மீட்டராகக் குறைந்துவிடும். குழந்தைகளுக்கு அகலம் அதிகமாக இருந்தால்தான் பறவை சட்டென்று சிக்கும்.

மூக்குக் கண்ணாடி போடுபவர் என்றால், கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே விடக்கூடிய தூரம் 15 மி.மீ.-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று விவரக் குறிப்பில் பாருங்கள். ஆங்கிலத்தில் இதை 'ஐ ரிலீஃப்' என்று போட்டிருப்பார்கள். பெரியவர் பெஞ்சில் போய் உட்கார்ந்ததற்குக் காரணம் இந்த ஓர் எண்தான்.

அப்போ படம்?

படமே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் இருக்கும் பாட்டிக்குக் காட்ட வேண்டும், பள்ளியில் காட்ட வேண்டும், பெயர் தெரியாத பறவையை வந்து தேட வேண்டும். அதற்கு வழி கையிலேயே இருக்கிறது.

நல்ல பைனாகுலரின் கண் பக்க லென்ஸோடு போன் கேமராவை ஒட்டி வைத்துப் படம் எடுக்கலாம். டெலஸ்கோப்பில் இப்படி எடுப்பதற்கு 'டிஜிஸ்கோப்பிங்' என்று பெயர். 1999-ல் மலேசியாவின் பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ, டெலஸ்கோப்பின் கண் பக்கத்தில் தன் டிஜிட்டல் கேமராவை வைத்துப் பார்த்ததிலிருந்துதான் இந்த முறை பரவியது. இன்று போனைப் பைனாகுலரோடு பொருத்தும் கிளிப்புகள் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கின்றன.

கிளிப் இல்லாமலும் முயன்று பார்த்தோம். பைனாகுலரைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்து, ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கி, போனின் முதன்மைக் கேமராவை லென்ஸின் நடுவில் வைத்தோம். முதலில் கறுப்பு வட்டத்துக்குள் படம் தெரியும். போனில் கொஞ்சம் ஸூம் செய்தால் கறுப்பு ஓரம் போய்விடும். விரல் பட்டு ஆடாமல் இருக்க, மூன்று நொடி டைமர் போட்டோம். பத்துப் படத்தில் மூன்று தேறின. அந்த மூன்றில் இரண்டில் கூழைக்கடாவின் அலகுப் புள்ளிகள் இருந்தன. பெரியவரின் மகள் இதே முறையில், வாய் மூடாத அந்த நாரையை வீடியோவே எடுத்துவிட்டார்.

படம்தான் முதல் ஆசை என்றால், பைனாகுலரை விட்டுவிட்டு நீண்ட ஸூம் உள்ள கேமராவுக்குப் போவது நல்லது. நிக்கான் பி900-ல் 83 மடங்கு, பி1000-ல் 125 மடங்கு ஆப்டிகல் ஸூம் உண்டு. கரையில் அன்று படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் பலரிடம் இப்படிப்பட்ட ஸூம் கேமராக்களோ, பெரிய லென்ஸ்களோதான் இருந்தன. ஆனால் அவை படம் எடுக்க ஏற்றவை. மணிக்கணக்கில் இரண்டு கண்ணாலும் அலுப்பில்லாமல் பார்க்க அவை உதவாது.

யார் வாங்கலாம்?

கேமரா வைத்த பைனாகுலரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டியதில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு விளையாட்டுப் பொருளாக, விலை குறைவானது ஒன்று போதும். பார்த்ததை உடனே திரையில் காட்டி மகிழ்வார்கள். கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்க முடியாத முதியவர் வீட்டில் இருந்தால், பெரிய திரை உள்ள டிஜிட்டல் கருவி உதவும். நான்கு பேர் சேர்ந்து திரையில் பார்க்கலாம்.

இவை இரண்டும் இல்லாமல், குடும்பத்துக்கு ஒன்று, பத்து வருடம் உழைக்க வேண்டும் என்றால், அதே பணத்தில் கேமரா இல்லாத 8×40 அல்லது 8×42 வாங்குங்கள். பெயருள்ள நிறுவனங்களின் தொடக்க நிலைக் கருவிகள் பத்தாயிரம் ரூபாயை ஒட்டியே கிடைக்கின்றன. கேமராவும் சென்சாரும் சில வருடங்களில் பழசாகிவிடும். நல்ல கண்ணாடி பழசாகாது. பாட்டன் வாங்கிய பைனாகுலரைப் பேரன் பயன்படுத்தும் வீடுகள் உண்டு.

கைக்கு வந்ததும் செய்யும் சோதனை

எந்தக் கருவியானாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

* கையை நீட்டி, பைனாகுலரை வெளிச்சமான வானத்தைப் பார்க்கப் பிடியுங்கள். கண் பக்க லென்ஸில் வெள்ளையாக ஒரு சின்ன வட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருந்தால் நல்லது. ஓரங்கள் வெட்டினாற்போல் சாம்பலாக இருந்தால் உள்ளே இருக்கும் பட்டகம் மட்டமானது.
* முன்பக்க லென்ஸ் கண்ணைப் பறிக்கும் சிவப்பாக மின்னினால் வேண்டாம். சிவப்பை வெளியே தள்ளிவிட்டு, காட்சியைப் பச்சை பூசிக் காட்டும்.
* வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண் பக்கத்து வளையத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். அதன் பின் இரண்டு கண்ணாலும் பார்த்தால் ஒரே வட்டம் தெரிய வேண்டும். இரண்டு நிமிடத்தில் தலை வலித்தால் குழாய்கள் நேராக இல்லை என்று பொருள். திருப்பி அனுப்பிவிடுங்கள்.
* கேமரா இருந்தால், தெருக்கோடியில் இருக்கும் கடைப் பெயர்ப் பலகையைப் படம் எடுங்கள். கண்ணால் படிக்க முடிந்த எழுத்தைப் படத்திலும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.
* பிள்ளைகளிடம் முதலில் சொல்ல வேண்டியது: எந்தக் கருவியாலும் சூரியனைப் பார்க்கக் கூடாது. நொடியில் கண் கெட்டுவிடும்.

போகும்போது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வேடந்தாங்கலுக்கு நல்ல காலம். மழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டில் பறவைகள் குறையும் என்பதால், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். காலையில் திறந்ததும் போய்விடுங்கள். இல்லையென்றால் மூன்றரை மணிக்குப் போய், பறவைகள் திரும்புவதைப் பாருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றால் நிறங்கள் தெளிவாகத் தெரியும். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. கூச்சலும் பளிச்சென்ற சட்டையும் வேண்டாம். கூட்டில் குஞ்சுகள் இருக்கும் காலம் அது. நேரம் இருந்தால் கரிக்கிலிக்கும் போய்விட்டு வாருங்கள். அங்கே ஊசிவால் வாத்து போன்ற வலசை வாத்துகளைத் தேடிப் பார்க்கலாம்.

பைனாகுலர் வாங்கியாயிற்று, வேடந்தாங்கலுக்கு அடிக்கடி போக முடியாது என்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடத்துகிறார்கள். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். மொட்டை மாடி, ஊர் ஏரி, கோயில் குளம் என்று எங்கேனும் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் குறித்து, 'இ-பேர்ட்' செயலியில் பதிவு செய்தால் போதும். படம் கட்டாயம் இல்லை. பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளும் தாத்தாவும் சேர்ந்து செய்ய ஏற்ற வேலை. ஒரு நோட்டு, ஒரு பேனா, வீட்டுக்கு ஒரு 8×42 இருந்தால் இந்த ஆண்டே தொடங்கிவிடலாம்.